அரிய லென்ஸ் ஒன்றை வாங்கலாமா?

ஒரு பொருள் அரியது என்று யாரேனும் சொன்னால், நம் செவி உடனே அந்தப் பக்கம் திரும்புகிறது. பயன் தருவது என்று சொன்னால் அவ்வளவு விரைவாகத் திரும்புவதில்லை. மனித இயல்பு அப்படி. பழைய நாணயம், பழைய கடிகாரம், பழைய வீணை, பழைய புத்தகம் என இவற்றின் முன்னால் நிற்கும்போது, இது இன்று கைநழுவினால் இனி என்றும் கிட்டாது என்ற எண்ணமே முதலில் எழுகிறது. அந்த எண்ணம் எழுந்த பின் அறிவு மெதுவாகத்தான் நடக்கும். ஆசையோ ஓடும். ஓடுகிற ஆசையோடு அறிவும் சேர்ந்து நடப்பதற்கு என்ன வழி என்பதை இன்று ஒரு குறிப்பிட்ட பொருளை வைத்து ஆராய்வோம். அந்தப் பொருள், படப்பெட்டியில் பொருத்தப்படும் பழைய டெலிபோட்டோ லென்ஸ்.

முதலில் அது என்ன என்று தெரிந்துகொள்வோம். தொலைவிலிருந்து வரும் ஒளிக்கதிர்களைக் குவிவில்லை ஒரு புள்ளியில் சேர்க்கிறது. வில்லைக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையேயுள்ள தூரமே குவியத் தூரம் எனப்படும். குவியத் தூரம் மிகுந்தால் பிம்பம் பெரிதாகும். 50 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் காட்டும் உருவத்தைப் போல நான்கு மடங்கு நீளமான உருவத்தை 200 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும். இது நேரான கணக்கு. ஆனால் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குவியத் தூரம் ஒரு மீட்டர் வேண்டுமென்றால் படப்பெட்டியும் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளவேண்டும். அதைத் தோளில் சுமந்து ஏரிக்கரையில் நடப்பது எளிதன்று.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்த்ததே டெலிபோட்டோ அமைப்பு. முன்னால் ஒரு குவிவில்லை. அது ஒளியைக் குவிக்கத் தொடங்குகிறது. கதிர்கள் சேர்வதற்கு முன்பே ஒரு குழிவில்லை குறுக்கிட்டு, அவை சேரும் வேகத்தைத் தணிக்கிறது. கதிர்கள் நெடுந்தொலைவிலிருந்து வந்தவை போலச் சாய்வு குறைந்து சேர்கின்றன. ஒரு கணக்கால் இதை விளக்குகிறேன். தாளும் எழுதுகோலும் இருந்தால் நீங்களும் போட்டுப் பாருங்கள். முன்வில்லையின் குவியத் தூரம் 100 மி.மீ.; பின்னுள்ள குழிவில்லையின் குவியத் தூரம் 50 மி.மீ.; இரண்டுக்கும் இடைவெளி 70 மி.மீ. என்று கொள்வோம். பள்ளியில் படிக்கும் இருவில்லைச் சூத்திரப்படி இந்த அமைப்பின் மொத்தக் குவியத் தூரம் 250 மி.மீ. ஆகிறது. ஆனால் முன்வில்லையிலிருந்து பிம்பம் விழும் தளம் வரை உள்ள நீளம் 145 மி.மீ. மட்டுமே. குழாய் சிறியது, பிம்பமோ பெரியது. இதுதான் டெலிபோட்டோவின் நுட்பம்.

குவிவில்லையையும் குழிவில்லையையும் இணைத்தால் பெரிய பிம்பம் கிடைக்கும் என்று கெப்ளர் 1611 ஆம் ஆண்டிலேயே எழுதினார். நிழற்படக் கலை பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்ட செய்தி அது. அந்தக் கருத்து படப்பெட்டிக்கு வந்து சேர்ந்தது 1891 இல். இங்கிலாந்தில் டால்மையர், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் ஆகிய மூவரும் அதே ஆண்டில் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை உருவாக்கினர். காலம் கனிந்தால் ஒரே பழம் பல மரங்களில் பழுக்கும் என்பதற்கு அறிவியல் வரலாற்றில் இதுவும் ஒரு சான்று. இன்று கடைத்தெருவில், உண்மையான டெலிபோட்டோ அமைப்பு உள்ளதையும் இல்லாததையும் வேறுபடுத்தாமல், குவியத் தூரம் மிகுந்த எல்லா லென்ஸையும் டெலிபோட்டோ என்றே அழைக்கிறார்கள். நாமும் அந்த வழக்கையே பின்பற்றுவோம்.

இனி நம் சிக்கலுக்கு வருவோம். பிள்ளைச்சாவடி, புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள மீனவர் ஊர். அவ்வூரைச் சேர்ந்த என் பழைய மாணவன் ஒருவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அவனிடம் ஒரு படப்பெட்டி இருக்கிறது. 'மிரர்லெஸ்' என்று சொல்லப்படும், உள்ளே கண்ணாடி இல்லாத வகையைச் சேர்ந்தது. பிறர் பயன்படுத்தி விற்றதை வாங்கியது. அதனுடன் 200 மி.மீ. வரை நீளும் எளிய லென்ஸ் ஒன்றும் உண்டு. ஊசுட்டேரியின் நீர்ப்பறவைகளைப் படமெடுப்பதிலும், தன் ஊர்க்கரையைக் கடல் அரிப்பதைப் பதிவு செய்வதிலும் அவனுக்கு நாட்டம். ஒருநாள் அவன் என்னிடம் வந்து, "ஐயா, நகரத்தில் ஒருவர் தம் பாட்டனார் வைத்திருந்த லென்ஸ் ஒன்றை விற்கிறார். 180 மி.மீ., எஃப் 2.8. 'ஒலிம்பியா சோனார்' என்று பெயர் சொல்கிறார். 1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் விளையாட்டில் பயன்பட்ட வகையாம். வாங்கலாமா?" என்று கேட்டான்.

அவன் சொன்ன பெயருக்குப் பின்னால் ஒரு மெய்யான வரலாறு உண்டு. லுட்விக் பெர்ட்டெலே என்னும் அறிஞர் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்துக்காக வகுத்த 180 மி.மீ. சோனார் லென்ஸ், பெர்லின் ஒலிம்பிக்கை ஒட்டி வெளிவந்தது. ஆகவே அதற்கு அந்தப் பெயர் நிலைத்தது. தயான்சந்த் தலைமையில் இந்திய ஹாக்கி அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8–1 என்று வென்றதும் அதே விளையாட்டில்தான். ஒரு கண்ணாடித் துண்டோடு இத்தனை நினைவு ஒட்டிக்கொண்டால் இளைஞன் உள்ளம் தடுமாறுவதில் வியப்பென்ன?

ஆனால் விலையும் சிறியதன்று. அவன் தந்தையார் புதிய வலை வாங்குவதற்காகச் சேர்த்துவைத்திருந்த தொகைக்கு அது ஏறக்குறைய ஒப்பாக இருந்தது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்த நாட்களில்தான் படகைப் பழுது பார்ப்பார்கள், வலையைப் புதுப்பிப்பார்கள். தடை முடியும்போது வலை ஆயத்தமாக இல்லாவிட்டால் பருவத்தின் முதல் நாட்களே வீணாகும். அவன் தந்தையார், "படிக்கிற பிள்ளை நீ. உனக்கு அது வேண்டுமென்றால் பணத்தை எடுத்துக்கொள். முடிவை நீயே செய்" என்று சொல்லிவிட்டாராம். மறுத்திருந்தால் அவன் வருந்தியிருப்பான்; அதோடு முடிந்திருக்கும். உரிமையைக் கொடுத்துவிட்டதால் பொறுப்பு முழுவதும் அவன் தலையில் விழுந்தது. அதனால்தான் என்னிடம் வந்தான்.

நான் வாங்கு என்றும் சொல்லவில்லை. வாங்காதே என்றும் சொல்லவில்லை. ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்து, விடைகளை அவனையே தேடச் சொன்னேன். அந்த ஐந்தையும் உங்களுக்கும் சொல்கிறேன்.

முதற்கேள்வி: இந்தப் பொருள் உன்னிடம் இல்லாத எதைத் தருகிறது?

இதற்குக் கணக்கே விடை சொல்லும். நாமக்கோழி ஏறத்தாழ 40 செ.மீ. நீளமுள்ள பறவை. அது 50 மீட்டர் தொலைவில் நீந்துகிறது என்று கொள்வோம். 180 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் 1.44 மி.மீ. நீளம் இருக்கும். அவனிடம் உள்ள 200 மி.மீ. லென்ஸிலோ 1.6 மி.மீ. ஆக, அரிய லென்ஸ் பறவையைப் பெரிதாக்கப் போவதில்லை, சற்றே சிறிதாக்கும்! இதைக் கணக்கிட்டபோது அவன் முகம் மாறியதை நான் கண்டேன். ஆயினும் நியாயமாகப் பேசவேண்டும் அல்லவா? பெரிய பிம்பத்தைத் தராவிட்டாலும் அது மிகுந்த ஒளியைத் தரும். எஃப் என்னும் எண், குவியத் தூரத்தை ஒளி புகும் வாயின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. 180 ஐ 2.8 ஆல் வகுத்தால் 64 மி.மீ. விட்டமுள்ள பெருவாய். அவனுடைய லென்ஸ் 200 மி.மீ. நிலையில் எஃப் 5.6 தான். எஃப் எண் பாதியானால் ஒளி நான்கு மடங்காகும். வைகறையில் 60 இல் ஒரு நொடி திறக்கவேண்டிய இடத்தில் 250 இல் ஒரு நொடி போதும். கை நடுக்கமும் பறவையின் அசைவும் படத்தைக் கலைக்காமல் இருக்க, இருநூறு மி.மீ. லென்ஸுக்கு 200 இல் ஒரு நொடியாவது வேண்டும் என்பது படக்கலைஞர் கைக்கொள்ளும் நடைமுறை விதி. ஆகையால் இந்த ஒளி பெரிய ஆதாயமே.

ஆனால் அந்த ஆதாயத்துக்கும் ஓர் எதிர்க்கணக்கு உண்டு. வாய் அகன்றால் தெளிவாகத் தெரியும் ஆழம் குறுகும். அந்த லென்ஸில் தானே குவியம் கொள்ளும் வசதி இல்லை, கையால்தான் திருகவேண்டும். எடையோ ஒரு கிலோவுக்கு மேல். பறக்கும் பறவையைக் கையால் திருகிக் குவியத்தில் வைத்திருக்க நெடும்பயிற்சி வேண்டும். ஆகவே முதற்கேள்விக்கு விடை: தொலைவை அது குறைக்காது, விடியற்பொழுதின் ஒளியை மட்டும் தரும்.

இரண்டாம் கேள்வி: சொல்லப்படுவதுதானா இது?

விற்பவர் பொய்யர் என்று நாம் எண்ணவேண்டியதில்லை. வீட்டில் வழிவழியாகக் கேட்டதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பொருள் தன் வரலாற்றைத் தானே சொல்லும். படிக்கத் தெரிந்திருந்தால் போதும். அந்த லென்ஸின் அடிப்பகுதியில் 42 மி.மீ. விட்டமுள்ள திருகுமரை இருந்தது. எம்-42 என்று அதைக் குறிப்பார்கள். இந்தத் திருகு கான்டாக்ஸ் எஸ் என்னும் படப்பெட்டியோடு 1949 இல் கடைக்கு வந்தது. இப்போது நாம் தருக்க முறையில் எண்ணுவோம். அந்தத் திருகு முதலிலிருந்தே இருந்ததென்றால், லென்ஸ் 1936 இல் செய்யப்பட்டதாக இருக்க முடியாது. 1936 இல்தான் செய்யப்பட்டதென்றால், திருகு பின்னால் மாற்றப்பட்டது. ஆகவே பொருள் முதல் வடிவில் இல்லை. எந்தப் பக்கம் போனாலும், ஒலிம்பிக் கதைக்காகக் கேட்கப்படும் கூடுதல் விலைக்கு அடிப்படை தளர்கிறது. அதே பெயர் கொண்ட சோனார் லென்ஸ்கள் போருக்குப் பின்னும் ஜெர்மனியின் யேனா நகரில் பல ஆண்டுகள் செய்யப்பட்டன என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க.

மற்றொரு சான்றும் உண்டு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும். எட்டுப் பரப்புகளைக் கடந்து வந்தால் நூற்றில் எழுபத்திரண்டு பங்குதான் உள்ளே எஞ்சும். எஞ்சாதது வீணாவதோடு நில்லாமல், உள்ளேயே எதிரொலித்துப் படத்தை வெளுக்கச் செய்யும். இதைக் குறைக்கும் மெல்லிய பூச்சை 1935 இல் சைஸ் நிறுவனத்தின் அறிஞர் ஸ்மாகுலா உருவாக்கினார். பூச்சுள்ள அந்நிறுவன லென்ஸ்களில் சிவப்பில் ஆங்கில 'டி' எழுத்து பொறிக்கப்பட்டது. அவை பொதுமக்கள் கைக்கு வந்தது 1936 க்குப் பின்னரே. என் மாணவன் பார்த்த லென்ஸின் முகப்பில் அந்தச் சிவப்பு எழுத்து இருந்தது. இரண்டு சான்றும் ஒரே திசையைக் காட்டின. படம் எடுப்பவனுக்குப் பூச்சுள்ள பிற்கால லென்ஸே மேலானது; சேகரிப்பவனுக்குத்தான் முற்காலத்தது மேலானது. ஒரே சான்று விலையைத் தாழ்த்தியது, பயனை உயர்த்தியது. விலையும் பயனும் எப்போதும் கைகோத்து நடப்பதில்லை என்பதை இதில் காண்க.

மூன்றாம் கேள்வி: அதன் உடல்நலம் எப்படி?

மாட்டைப் பல்லைப் பார்த்து வாங்கு என்பார்கள். லென்ஸுக்குப் பல் அதன் உட்புறம். சிறு மின்விளக்கைப் பின்புறமிருந்து உள்ளே செலுத்தி, ஒளி புகும் வாயை முழுதும் திறந்து, முன்புறத்தில் சாய்வாக நோக்கவேண்டும். தூசி இரண்டொன்று தெரிந்தால் கவலையில்லை. அதனால் படம் கெடாது. சிலந்தி இழை போன்ற கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஈரக்காற்றில் கண்ணாடியின் மேல் படிந்த அழுக்கை உண்டு அது வளர்கிறது. அது சுரக்கும் அமிலம் நாளடைவில் பூச்சையும், பின்னர் கண்ணாடியையும் அரித்துவிடும். தொடக்க நிலையில் துடைத்து நீக்கலாம்; அரித்த பிறகு தழும்பு போகாது. பிள்ளைச்சாவடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரமும் உப்பும் எந்நாளும் உண்டு. தோலுறையில் போட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சித் தன்னுள் வைத்திருக்கும். அது பூஞ்சைக்குத் தொட்டிலாகும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைப்பதே முறை.

அடுத்து, ஒட்டு. பழைய லென்ஸ்களில் இரு கண்ணாடிகளை இணைக்க, வட அமெரிக்காவின் ஒருவகை ஊசியிலை மரத்தின் பிசினைப் பயன்படுத்தினர். கனடா பால்சம் என்று அதற்குப் பெயர். ஆண்டுகள் செல்லச்செல்ல வெப்பத்தாலும் மூப்பாலும் அந்த ஒட்டு விடும். விட்ட இடத்தில் வானவில் நிறங்கள் ஓடும். அல்லது ஓரம் பனி படிந்தாற்போல் வெளுத்திருக்கும். அதைப் பிரித்து மீண்டும் ஒட்டுவது பெரும் வேலை. கூலி, சிலபோது லென்ஸின் விலையையே எட்டிவிடும்.

மூன்றாவதாக, நிறம். ஒளியை மிகுதியாக வளைப்பதற்காக ஒரு காலத்தில் சில கண்ணாடிகளில் தோரியம் சேர்த்தார்கள். நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட் கனிமத்தில் உள்ள அதே தோரியந்தான். அதன் கதிர்வீச்சால் கண்ணாடி பல ஆண்டுகளில் பழுப்பு மஞ்சளாகும். வெள்ளைத் தாளின் மேல் லென்ஸை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால் அந்த மஞ்சள் பெரும்பாலும் குறையும்.

இவற்றோடு, ஒளிவாயின் இதழ்கள் எண்ணெய்ப் பசையின்றி அசைகின்றனவா, குவியம் திருப்பும் வளையம் இறுகாமல் சுழல்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இறுதியாக, சுவரில் செய்தித்தாளை விரித்து ஒட்டி, முக்காலியில் படப்பெட்டியை நிறுத்திப் படமெடுத்து, நடுவெழுத்தையும் மூலையெழுத்தையும் ஒப்பிடவேண்டும். விற்பவர் அரைநாள் சோதனைக்குக்கூட இசையவில்லை என்றால், அந்த மறுப்பே ஒரு விடை. நம் மாணவனுக்கு அந்தத் தொல்லை இல்லை. விற்பவர் கண்ணியமானவர், சோதிக்க இசைந்தார். நடுவெழுத்து மிகத் தெளிவாக வந்தது. ஆனால் பின்கண்ணாடியின் ஓரத்தில் பூஞ்சை இழை சிறிது தெரிந்தது.

நான்காம் கேள்வி: உன்னிடம் உள்ளதோடு இது பொருந்துமா?

ஒவ்வொரு படப்பெட்டியிலும் லென்ஸ் அமரும் வளையத்துக்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே ஒரு நிலையான தூரம் உண்டு. எம்-42 திருகுக்கு அது 45.46 மி.மீ. உள்ளே கண்ணாடி இல்லாத படப்பெட்டிகளில் அந்தத் தூரம் மிகக் குறைவு, 18 மி.மீ. அளவே உள்ளவையும் உண்டு. குறையும் 27.46 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெற்று உலோக வளையத்தை இடையே வைத்தால் பழைய லென்ஸ் சரியாக அமரும். ஆனால் நிக்கான் எஃப் வகைப் படப்பெட்டியில் அந்தத் தூரம் 46.5 மி.மீ. எம்-42 லென்ஸை அதில் வைத்தால் ஏறத்தாழ ஒரு மி.மீ. தள்ளி நிற்கும், அருகிலுள்ளவை தெளிவாகத் தெரியும், தொலைவிலுள்ளவை தெரியா. தொலைவுக்கென்று வாங்கிய லென்ஸ் தொலைவைக் காட்டாமற் போனால் அதைவிட நகைப்புக்குரியது வேறென்ன? நம் மாணவனுடைய படப்பெட்டியில் வளையம் வைத்தால் போதும். ஆகவே இந்தக் கேள்வியில் லென்ஸ் தேறியது.

ஐந்தாம் கேள்வி: இந்தப் பணம் இதற்குச் செல்லாவிட்டால் வேறு எதற்குச் செல்லும்?

பொருளியல் படிக்கும் மாணவர்கள் இதை வாய்ப்புச் செலவு என்பார்கள். ஒரு பொருளின் உண்மையான விலை, அதற்காக நாம் கைவிடும் மற்றொன்றே. இங்கே கைவிடப்படுவது வலை. வலை ஈட்டித் தரும். லென்ஸ் உடனே ஈட்டித் தராது. இதைச் சொன்னபோது என் மாணவன் ஒரு மறுப்புச் சொன்னான்; அதை நான் மதித்தேன். "ஐயா, எங்கள் வீட்டில் எப்போதும் வலைதான் முதலில். அப்படியே போனால் எங்கள் தெருவில் எவனும் வேறொன்றும் கற்க முடியாது" என்றான். மறுக்க முடியாத பேச்சு. வறியவன் வீட்டில் கலைக்கு இடமில்லை என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆகையால் கேள்வியைச் சற்றுத் திருத்தி வைத்தேன்: கலைக்குச் செலவிடுவது தக்கதே, ஆனால் உன் கலைக்கு இப்போது குறைவாக இருப்பது இந்த லென்ஸ்தானா?

இங்கே இருவரை நினைவூட்டுகிறேன். பிரெஞ்சு நாட்டு நிழற்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950 ஆம் ஆண்டில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படம் எடுத்தார். உலகம் போற்றிய அக்கலைஞர் தம் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது சிறு லைக்கா படப்பெட்டியும் 50 மி.மீ. சாதாரண லென்ஸுமே. தொலைவிலிருந்து இழுத்துப் பார்ப்பதைவிட அருகில் சென்று காத்திருப்பதை அவர் விரும்பினார்.

மற்றவர் நம்மவர். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). இயற்கை ஆய்வாளர், 1950 முதல் 1996 இல் மறையும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர், 1960 இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். யானையும் காட்டெருதும் அவருக்கு அருகில் சென்று காத்திருக்கக்கூடிய பொருள்கள் அல்ல; தொலை லென்ஸ் அவருக்கு உண்மையிலேயே தேவை. வெளிநாட்டுக் கருவிகளின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த காலம் அது. அவர் வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே ஒரு படப்பெட்டியை அமைத்துக்கொண்டார். அதன் பருமனை எள்ளி, 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டார். கறுப்பு வெள்ளையிலேயே அவர் எடுத்த விலங்குப் படங்கள் இன்றும் பாராட்டப்படுகின்றன. அவர் தேடியது அரிய லென்ஸை அன்று. தம் வேலைக்கு ஏற்ற லென்ஸை.

இந்த இருவரிடமிருந்தும் என் மாணவன் பெற்ற பாடம் ஒரு கணக்காக வெளிப்பட்டது. 400 மி.மீ. லென்ஸ் வாங்கி 50 மீட்டரிலிருந்து நாமக்கோழியை எடுத்தால் பிம்பம் 3.2 மி.மீ. கையிலுள்ள 200 மி.மீ. லென்ஸோடு 20 மீட்டருக்கு நெருங்கினால் 4 மி.மீ. தொலைவைக் குறைப்பதும் லென்ஸை நீட்டுவதும் பிம்பத்துக்கு ஒன்றே. முன்னதற்குப் பணம் வேண்டாம், பொறுமை வேண்டும். ஊசுட்டேரியைப் புதுச்சேரி அரசு 2008 இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்துள்ளது. அங்கே பறவையைத் துரத்தி நெருங்குவது தவறு. கூடுகளின் பக்கம் போகவே கூடாது. பறவை தானே நம்மை நோக்கி வரும் இடத்தை அறிந்து, விடியுமுன் போய், அசையாமல் அமர்ந்திருப்பதுதான் வழி. கழித்த வலைத்துண்டில் நாணற்புல்லைச் செருகி ஒரு மறைவுத்திரை செய்துகொண்டான். மீனவன் மகனுக்கு வலையில் முடிச்சிட யார் கற்றுத்தர வேண்டும்?

அவனுடைய இரண்டாவது நாட்டமோ தொலை லென்ஸையே வேண்டவில்லை. புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1980 களின் பிற்பகுதியில் எழுப்பப்பட்டபின், தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணல் தடைப்பட்டு, வடபகுதிக் கரைகள் அரிக்கப்பட்டு வருகின்றன. பிள்ளைச்சாவடியும் அந்த இழப்புக்கு ஆளான ஊர். அங்கே தேவைப்படுவது, ஒரே இடத்தில் நின்று, ஒரே உயரத்தில், ஒரே லென்ஸால், மாதந்தோறும் எடுக்கப்படும் படம். கரை எவ்வளவு குறைந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகும். லென்ஸை மாற்றினால் அளவும் மாறும். சாட்சி பயனற்றுப் போகும்.

முடிவு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவன் லென்ஸை வாங்கவில்லை. திருகையும் சிவப்பு எழுத்தையும் பற்றித் தான் அறிந்ததை விற்பவரிடம் மரியாதையுடன் சொன்னான். பூஞ்சையையும் காட்டி, உடனே துடைக்கச் சொன்னான். அவர் நன்றி கூறி விலையைக் குறைத்தார். அப்போதும் அவன் வாங்கவில்லை. சில வாரங்களில் வேறொருவர் வாங்கிச் சென்றார். அன்று அவனுக்கு வருத்தம் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். தடைக்காலம் முடியுமுன் வலை வந்தது. ஏரியில் அவன் எடுத்த படங்களுள் சில நன்றாக அமைந்தன. விடியற்காலையில் ஒளி போதாமல் மங்கியவையும் பல. அந்த லென்ஸ் இருந்திருந்தால் அவற்றுள் சில தெளிந்திருக்கும். இழந்தது ஒன்றுமில்லை என்று சொல்வது உண்மையாகாது. எதை இழக்கிறோம் என்று தெரிந்தே இழந்தான். அதுதான் முடிவெடுத்தல் என்பதற்குப் பொருள். கரையின் படங்களோ இப்போது பதினான்கு மாதங்களுக்குச் சேர்ந்துள்ளன.

மாணவ நண்பர்களே, பழைய பொருளை வாங்கவே கூடாது என்று நான் சொல்வதாக எண்ணவேண்டாம். பழைய கருவியைக் கையாள்வதும் ஒரு கல்வி. ஒளியை எண்ணியும் தொலைவை அளந்தும் கையால் திருகியும் படமெடுத்தவனுக்கு, எல்லாவற்றையும் தானே செய்யும் புதிய கருவியும் அடங்கி நடக்கும். உங்கள் வேலைக்கு அந்த லென்ஸ் ஒரு குறையை நிரப்பினால், சொல்லப்படுவது மெய்யென்று சான்று கிடைத்தால், உள்ளே நோயில்லாவிட்டால், உங்கள் கருவியோடு பொருந்தினால், அதற்காகக் கைவிடுவது கைவிடத் தக்கதானால், தயங்காமல் வாங்குங்கள். வாங்கிய பின் பெட்டியில் பூட்டாமல் நாள்தோறும் பயன்படுத்துங்கள். ஐந்தில் ஒன்று தவறினாலும் ஒரு மாதம் பொறுத்திருங்கள். ஒரு மாதம் கழித்தும் அதே வேலைக்கு அதே பொருள் வேண்டுமென்று உள்ளம் சொன்னால் அது தேவை. பொருளின் பெயர் மட்டும் நினைவில் நின்று, வேலை மறந்துபோயிருந்தால் அது ஆசை.

வில்லையைத் தேர்ந்தெடுக்கும் முன் எதைப் பார்க்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுங்கள்.